டிக்கிக்குள் ஒரு மின் நிலையம்

காரில் அதிரும் இசைக்கு ஈய பேட்டரி ஈடுகொடுக்க முடியவில்லை என்று லித்தியத்துக்குத் தாவுகிறார்கள் ஆர்வலர்கள். எடை குறைகிறது, ஆயுள் கூடுகிறது. ஆனால் செல்லும் ஒயரும் தவறாக அமைந்தால், போவது பாட்டு மட்டுமல்ல, காரும்தான்.

இரவு நேரம். தில்லி கரோல்பாக் பக்கம் ஒரு சிக்னல். சிவப்பு விளக்கில் நிற்கும் சிறிய கார் ஒன்றின் ஹெட்லைட்டைக் கவனித்தால் போதும், மூடிய கண்ணாடிக்குள் ஓடும் பாட்டின் தாளத்தைச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு 'தும்'முக்கும் விளக்கு ஒரு முறை மங்கி, மறுபடி பிரகாசிக்கிறது. டாஷ்போர்டு விளக்குகளும் கூடவே கண் சிமிட்டுகின்றன. உள்ளே இருப்பவர் உற்சாகத்தில் தலையாட்டுகிறார். காருக்கோ மூச்சு வாங்குகிறது.

கார் ஸ்டீரியோ கடைகளுக்கு வாடிக்கையாளரைக் கூட்டி வருவது பெரும்பாலும் இந்தக் கண் சிமிட்டல்தான். முன்பெல்லாம் இதற்கு ஒரே மருந்துதான் இருந்தது: இன்னும் பெரிய ஈய பேட்டரி. அதுவும் போதவில்லை என்றால் டிக்கியில் இன்னொன்று. இப்போது அந்த இடத்துக்கு வந்திருக்கிறது லித்தியம். செல்போனிலும் மின்சார ஸ்கூட்டரிலும் பழகிப்போன பெயர் என்பதால் வாங்குபவருக்குத் தயக்கமில்லை. எடை பாதிகூட இல்லை, சக்தி அதிகம், பல ஆண்டுகள் உழைக்கும் என்று கடைக்காரர்கள் அடுக்குகிறார்கள். சொல்வதில் பொய் இல்லை. ஆனால் சொல்லாமல் விடுவதும் நிறைய இருக்கிறது.

கேசட்டிலிருந்து கிலோவாட் வரை

இந்தியக் கார்களின் இசை மோகம் புதிதல்ல. அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் ஒரு ரேடியோ இருந்தாலே அது அந்தஸ்து. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு நடுத்தரக் குடும்பங்கள் முதல் காரோடு முதல் கார் ஸ்டீரியோவையும் வாங்கின. வெளிநாட்டு கேசட் டெக்குகளுக்காக தில்லியில் பாலிகா பஜாருக்கும் சென்னையில் பர்மா பஜாருக்கும் அலைந்த தலைமுறை அது. டெக் என்ன விலை என்பதைவிட அதை எப்படித் திருட்டுப்போகாமல் காப்பது என்பதே அப்போது பெரிய கவலை. கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போகும் டெக்குகள் அதற்காகவே வந்தன.

1991க்குப் பிறகு இறக்குமதி தளர்ந்தது. ஜப்பானிய, அமெரிக்கப் பெயர்கள் முறையான கடைகளுக்கே வந்தன. இன்று நிலைமை தலைகீழ். டச் ஸ்கிரீன் கம்பெனியிலிருந்தே வருகிறது. போஸ், ஹர்மன், சோனி என்று பெயர் பொறித்த ஸ்பீக்கர்களுடனேயே பல கார்கள் ஷோரூமை விட்டு இறங்குகின்றன. அதனால் கரோல்பாக், பெங்களூர் ஜே.சி. ரோடு, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற இடங்களில் உள்ள கடைகள் டெக் விற்பதை நம்பி இருக்க முடியாது. அவர்களது பிழைப்பு இப்போது ஆம்ப்ளிஃபையரிலும் சப் வூஃபரிலும். 500 வாட், 1,000 வாட், 2,000 வாட் என்று எண்கள் ஏற ஏற, பானெட்டுக்குக் கீழே இருக்கும் சாதுவான பேட்டரி திணறத் தொடங்கியது.

பஞ்சாபில் இந்த மோகம் காரோடு நிற்கவில்லை. டிராக்டர்களின் மட்கார்டு மேலேயே ஸ்பீக்கர் பெட்டிகள் ஏறிவிட்டன. 2020, 2021ல் தில்லி எல்லையில் நடந்த விவசாயிகள் போராட்டத்தின்போது சிங்கூவில் வரிசைகட்டி நின்ற டிராக்டர்களில் பலவும் இப்படிப் பாடிக்கொண்டிருந்ததை நாடே பார்த்தது. உழுவதற்காக வடிவமைக்கப்பட்ட வண்டியின் ஆல்டர்னேட்டர், ஒரு கல்யாண மண்டபத்துக்கான ஒலிபெருக்கியை இழுக்க வேண்டிய நிலை.

எங்கே இடிக்கிறது கணக்கு?

கொஞ்சம் கூட்டல், பெருக்கல் போதும். 1,000 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்று பரவலாக உள்ள 'கிளாஸ் டி' ரகம் என்றால், வாங்கும் மின்சாரத்தில் சுமார் 80 சதவீதத்தை ஒலியாக ஸ்பீக்கருக்கு அனுப்பும். மீதி வெப்பமாகப் போகும். ஆக 1,000 வாட் கொடுக்க அது 1,250 வாட் வாங்க வேண்டும். 13.8 வோல்ட்டில் அது ஏறக்குறைய 90 ஆம்பியர். பழைய 'கிளாஸ் ஏபி' ரகமாக இருந்தால் இதுவே 130 ஆம்பியரைத் தாண்டும்.

சிறிய கார்களில் இருக்கும் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி அளவு. ஆல்டர்னேட்டர் 70, 80 ஆம்பியர் ரகம். அதுவும் எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது அதில் பாதியளவுக்கு இறங்கிவிடும். அந்தப் பாதியையும் ஹெட்லைட், ஏ.சி. விசிறி, ரேடியேட்டர் விசிறி, எரிபொருள் பம்பு, எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆம்ப்ளிஃபையர் 90 ஆம்பியர் கேட்டால் எங்கிருந்து வரும்?

பேட்டரியிலிருந்துதான். ஒரு நல்ல செய்தி, பாட்டு என்பது இடைவிடாத முழக்கமல்ல. உச்சத்தில் 90 ஆம்பியர் இழுத்தாலும் சராசரியாக அதில் மூன்றில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவாகவோதான் செலவாகும். எனவே பிரச்சினை மொத்த மின்சாரத்தில் இல்லை; அந்த ஒரு 'தும்' விழும் கணத்தில் இருக்கிறது.

ஈய அமில பேட்டரியில் 6 அறைகள். முழுதாக சார்ஜ் ஆகி ஓய்வாக இருக்கும்போது 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சுமார் 14 வோல்ட்டைத் தாங்கிப்பிடிக்கிறது. 'தும்' விழுந்ததும் ஆல்டர்னேட்டர் கைவிடுகிறது. வோல்டேஜ் 12.6க்கு இறங்கும் வரை பேட்டரி உதவிக்கே வராது. வந்த பிறகும் அதன் உள்தடை காரணமாக இன்னும் சரியும். பழைய பேட்டரி என்றால் 11.5 வரைகூடப் போகும். 14க்கும் 11.5க்கும் இடையே விழுந்து எழும் இந்த ஊஞ்சல்தான் ஹெட்லைட்டில் தெரியும் கண் சிமிட்டல்.

லித்தியம் இதை எப்படி மாற்றுகிறது? கார் ஸ்டீரியோவுக்கு உகந்தது என்று கருதப்படும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ரகத்தில் ஒரு செல்லின் இயல்பான அளவு 3.2 வோல்ட். நான்கைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட் பேட்டரி. சார்ஜ் நன்றாக இருக்கும்போது இது 13.2, 13.3 வோல்ட்டில் நிற்கும். உள்தடை குறைவு என்பதால் 100 ஆம்பியர் இழுத்தாலும் 13 வோல்ட்டை ஒட்டியே இருக்கும். தீரும் தறுவாய் வரை இந்த அளவு அதிகம் சரிவதில்லை. அதாவது ஆல்டர்னேட்டர் தடுமாறிய அடுத்த நொடியே தோள் கொடுக்கிறது லித்தியம். ஹெட்லைட் சிமிட்டுவது ஏறக்குறைய நின்றுபோகிறது.

எடையிலும் லாபம்தான். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 25 கிலோவுக்கு மேல். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 11 முதல் 13 கிலோ. ஸ்டார்ட் செய்வதற்காகச் செய்யப்பட்ட ஈய பேட்டரியை அடிக்கடி பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரமே படுத்துவிடும். லித்தியம் 80 சதவீதம் வரை காலியாகி நிரம்பும் சுற்றை 2,000 தடவைக்கு மேலும் தாங்கக்கூடியது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்பவர்களுக்கு இது பெரிய விஷயம். சராசரி 30 ஆம்பியர் செலவு என்று வைத்துக்கொண்டால், 35 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் அரை மணி நேரம் கேட்டாலே கார் மறுபடி ஸ்டார்ட் ஆகுமா என்ற பயம் வரும். 100 ஆம்பியர்-மணி லித்தியத்தில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் கேட்கலாம்.

யாரும் சொல்லாத ஒரு டெசிபெல்

ஆனால் சத்தம் கூடுமா? வாங்குபவர்களில் பலர் எதிர்பார்ப்பது அதைத்தான். வோல்டேஜ் 11.8ல் இருந்து 13.2க்கு உயர்ந்தால், சாதாரண ஆம்ப்ளிஃபையரின் அதிகபட்ச வெளியீடு 25 சதவீதம் கூடும். கேட்க அமர்க்களமாக இருக்கிறது. ஆனால் காது வாட்டில் கணக்குப் போடுவதில்லை, டெசிபெலில் போடுகிறது. 25 சதவீதக் கூடுதல் சக்தி என்பது வெறும் 1 டெசிபெல். கூர்ந்து கேட்டால்தான் தெரியும் வித்தியாசம். 1,000 வாட்டை 2,000 ஆக்கினாலும் 3 டெசிபெல்தான் கூடும். சத்தம் இரண்டு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும்.

எனவே லித்தியத்தால் கிடைப்பது அதிகச் சத்தம் அல்ல, சுத்தமான சத்தம். வோல்டேஜ் சரியும்போது ஆம்ப்ளிஃபையர் ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. மொட்டையடித்த அந்த அலைதான் கரகரப்பாகக் கேட்கிறது. வால்யூமைக் குறைக்காமல் அப்படியே ஓட்டினால் ஸ்பீக்கரின் காயில் சூடேறிக் கருகும். ஸ்பீக்கர் அடிக்கடி போகிறது என்று புலம்புபவர்கள் பலரின் காரில் குற்றவாளி ஸ்பீக்கர் அல்ல. அதற்குப் பின்னால் பட்டினி கிடக்கும் ஆம்ப்ளிஃபையர்.

இன்னொரு உண்மையும் உண்டு. லித்தியம் வாங்குவதற்கு முன் ஒயரைப் பார்க்க வேண்டும். பானெட்டிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் செம்பு ஒயர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். '8 கேஜ்' ஒயரில் 100 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1 வோல்ட் தொலைந்துபோகும். '4 கேஜ்' என்றால் இழப்பு 0.4 வோல்ட். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஒயர்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியவை. அவற்றில் இழப்பு ஒன்றரை மடங்கு. பேட்டரிக்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்து மீட்ட வோல்டேஜை ஒயரில் தொலைப்பவர்கள் உண்டு. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரியிலிருந்து பாடிக்கு, எஞ்சினிலிருந்து பாடிக்கு என்று மூன்று ஒயர்களைத் தடிமனாக மாற்றுவதுதான் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் முதலில் செய்யும் வைத்தியம். பல கார்களில் கண் சிமிட்டல் அதிலேயே பெருமளவு அடங்கிவிடும்.

எந்த லித்தியம்?

இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. லித்தியம் என்பது ஒரே பொருளல்ல. ஒரு குடும்பப் பெயர். அதில் அண்ணனும் தம்பியும் குணத்தில் வேறுவேறு.

லேப்டாப்பிலும் பல மின்சார வண்டிகளிலும் இருப்பது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த ரகம். ஒரு செல்லுக்கு அதிகபட்சம் 4.2 வோல்ட். மூன்றை இணைத்தால் 12.6. '12 வோல்ட்தானே' என்று இதைக் காரில் மாட்டினால், 14.4 வோல்ட் வரை அனுப்பும் ஆல்டர்னேட்டர் ஒவ்வொரு செல்லுக்கும் 4.8 வோல்ட்டைத் திணிக்கும். இது தீயைக் கூப்பிட்டு விருந்து வைப்பதற்குச் சமம். நான்கை இணைத்தால் 16.8 வேண்டும், காரில் அது கிடைக்காது, பேட்டரி எப்போதும் அரைகுறை வயிற்றுடனேயே இருக்கும். இரண்டு வழியிலும் இந்த ரகம் 12 வோல்ட் காருக்குப் பொருந்தாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஸ்கூட்டர், லேப்டாப் செல்களைக் கழற்றிக் கட்டித்தரும் பேட்டரிகளில் இந்த ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு வயதில் இருப்பது கூடுதல் சிக்கல்.

அயர்ன் பாஸ்பேட் ரகத்தில் செல்லின் உச்சம் 3.65 வோல்ட். நான்கு சேர்ந்தால் 14.6. ஆல்டர்னேட்டரின் 14.4 அதற்குள் அடங்கிவிடுகிறது. காருக்கென்றே அளந்து செய்ததுபோன்ற பொருத்தம். பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் சுலபத்தில் வெளியேறி நெருப்புக்குத் துணைபோகாது. அதற்காக எரியவே எரியாது என்று அர்த்தமில்லை. அளவுக்கு மீறிச் சூடானாலோ நசுங்கினாலோ தீப்பிடிக்கக்கூடிய வாயு வெளியேறும்.

மூன்றாவது, லித்தியம் டைட்டனேட். செல்லுக்கு 2.3, 2.4 வோல்ட்டே என்பதால் ஆறு செல் வேண்டும்; இடம் அடைக்கும், விலையும் அதிகம். ஆனால் அதிரடியாகக் கொடுப்பதிலும் வாங்குவதிலும் இதை மிஞ்ச ஆளில்லை. பத்தாயிரம் சுற்றுக்கு மேல் தாங்கும். சத்தப் போட்டிகளில் இறங்கும் வெளிநாட்டு ஆர்வலர்களின் செல்லப்பிள்ளை இது.

கார் கம்பெனிகளே இந்தப் பாதையில் போயிருக்கின்றன. 2018ல் வந்த மாருதி சியாஸின் 'ஸ்மார்ட் ஹைப்ரிட்' மாடலில் வழக்கமான ஈய பேட்டரியோடு பயணியின் இருக்கைக்குக் கீழே ஒரு சிறிய லித்தியம் பேட்டரியும் இருந்தது. இந்த வகை பேட்டரிகளுக்காகவே சுஸுகி, தோஷிபா, டென்ஸோ மூன்றும் 2017ல் கூட்டுச் சேர்ந்து குஜராத்தின் ஹன்ஸல்பூரில் தொழிற்சாலை அமைக்க முடிவு செய்தன. கம்பெனி செய்ததில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஈயத்தை அது தூக்கி எறியவில்லை. இரண்டையும் வைத்து, இடையே ஒரு மின்னணுக் காவலரையும் நிறுத்தியது.

இந்த இரும்பு பாஸ்பேட் கதையில் இந்தியப் பெயர்கள் சில உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து அக்ஷய பாதியும் நஞ்சுண்டசுவாமியும் 1997ல் வெளியிட்ட கட்டுரைதான் இந்த ரகத்தின் பிறப்புச் சான்றிதழ். அதற்கு அடித்தளம் போட்ட சல்பேட் ஆய்வுகளை 1980களிலேயே குட்இனஃபுடன் செய்தவர் தென் தமிழகத்தின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். 2019ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரம்தான். அந்த ஆய்வின் பயன் ஒருநாள் டிக்கியில் உட்கார்ந்து வூஃபருக்குத் தீனி போடும் என்று அவர்களில் யாரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

நல்ல பேட்டரியும் காரைக் கெடுக்கும்

சரியான ரகத்தை வாங்கியாகிவிட்டது. பழைய ஈய பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதை மாட்டினால் முடிந்ததா? இல்லை. பெரும்பாலான மெக்கானிக்குகள் கோட்டைவிடும் இடம் இது.

முதல் பலி ஆல்டர்னேட்டர். காலியான ஈய பேட்டரி தன் உள்தடையால் மின்சாரத்தை மெல்ல மெல்லத்தான் குடிக்கும். அது ஆல்டர்னேட்டருக்கு இயற்கையான பிரேக். லித்தியத்துக்கு அந்த நாகரிகம் தெரியாது. 100 ஆம்பியர்-மணி பேட்டரி காலியாக இருந்தால், ஆல்டர்னேட்டர் கொடுப்பது அத்தனையையும் ஒரே மூச்சில் உறிஞ்சும். அதுவும் நெரிசலில் ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டரின் விசிறி மெதுவாகச் சுற்றும், குளிர்ச்சி கிடைக்காது. காயில் வெந்து, டையோடு போய், கடைசியில் வண்டி நடுவழியில் நிற்கும். மெக்கானிக் ஆல்டர்னேட்டரை மாற்றுவார். மறுபடியும் அதே கதை. இதற்குத் தீர்வு இரண்டு: அதிகத் திறனுள்ள ஆல்டர்னேட்டர் அல்லது 20, 30 ஆம்பியர் என்று அளந்து மட்டும் அனுப்பும் 'டிசி-டிசி சார்ஜர்'. பி.எஸ். 6 காலத்துக் கார்கள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரின் வோல்டேஜை கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கிறது. அந்த வண்டிகளில் இந்த சார்ஜர் இல்லாமல் லித்தியம் ஒழுங்காக நிரம்பவே நிரம்பாது.

இரண்டாவது பலி, காரின் மூளை. லித்தியம் பேட்டரிக்குள் 'பி.எம்.எஸ்.' என்ற காவல் சர்க்யூட் இருக்கும். அளவுக்கு மீறி சார்ஜ் ஆனாலோ, அதிக ஆம்பியர் ஓடினாலோ அது பேட்டரியை வெடுக்கென்று துண்டித்துவிடும். பேட்டரிக்கு அது பாதுகாப்பு. ஆனால் காரில் அந்த ஒரு பேட்டரிதான் இருக்கிறது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால்? அதுவரை பல ஆம்பியர் அனுப்பிக்கொண்டிருந்த ஆல்டர்னேட்டர் உடனே நிறுத்த முடியாமல் திணற, வோல்டேஜ் பல மடங்கு எகிறும். எஞ்சின் கம்ப்யூட்டர், டச் ஸ்கிரீன், ஏர்பேக் சர்க்யூட் என்று எது வேண்டுமானாலும் பழுதாகலாம். முன்னால் ஈய பேட்டரி இருந்தால் அந்த அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பானெட்டில் ஈயத்தை அப்படியே விட்டுவிட்டு, டிக்கியில் லித்தியத்தை வைத்து, எஞ்சின் நின்றதும் இரண்டையும் பிரித்துவிடும் ரிலே ஒன்றை இடையில் போடுகிறார்கள். இரவு முழுக்கப் பாட்டுக் கேட்டாலும் காலையில் கார் ஸ்டார்ட் ஆகும்.

மூன்றாவது, வெப்பம். ஜூன் மாத தில்லியிலோ ஜெய்ப்பூரிலோ எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் சூட்டை லித்தியம் செல்கள் விரும்புவதில்லை. பெரும்பாலான செல்களுக்கு 60 டிகிரி செல்சியஸ் எல்லைக்கோடு. வெயிலில் நிறுத்திய காரின் உட்புறமே அந்த எல்லையை நெருங்கும் என்றால் பானெட்டுக்குள் கேட்கவே வேண்டாம். நேர்மாறாக லே, மணாலி பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே குளிர் இறங்கும்போது அயர்ன் பாஸ்பேட் ரகத்தை சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியும். அது நிரந்தரச் சேதம். செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகவும் வழி செய்யும். அங்கேயும் குளிரைத் தாங்குவது டைட்டனேட் மட்டுமே.

எல்லாவற்றுக்கும் மேல், ஃப்யூஸ். லித்தியம் பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் வெல்டிங் வைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். டிக்கி வரை ஓடும் ஒயர் எங்காவது தகட்டில் உரசி உறை கிழிந்தாலும் இதே கதிதான். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும் என்பது பாலபாடம். இரண்டு பேட்டரி என்றால் ஒயரின் இரு முனையிலும் வேண்டும். சில நூறு ரூபாய் சமாச்சாரம். அதில் மிச்சம் பிடிப்பவர்களின் கார்தான் பின்னால் சாலையோரம் கருகி நிற்கிறது.

சட்டத்தின் காது

இந்தியாவில் 2022 மார்ச், ஏப்ரலில் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்ததும் மத்திய அரசு விழித்துக்கொண்டது. 'ஏ.ஐ.எஸ். 156' என்ற தர விதி கடுமையாக்கப்பட்டது. ஆனால் அது வண்டியை ஓட்டும் பேட்டரிகளுக்கானது. கடைக்காரர் கட்டித்தந்து டிக்கியில் இறக்கும் ஸ்டீரியோ பேட்டரி எந்தச் சோதனைச் சாலையையும் பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் அந்த விதியில் இல்லை. வாங்குபவரே இன்ஸ்பெக்டர்.

இன்ஷூரன்ஸ் பற்றி நினைப்பவர்கள் அபூர்வம். கம்பெனியில் பொருத்தாத மின் சாதனங்களுக்குத் தனியாகக் கணக்குக் காட்டிக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் அவற்றின் விலை பாலிசிக்குள் வரும். வழக்கமான பாலிசிகள் மின் பழுதை ஏற்பதில்லை. தீப்பிடித்தால்? நஷ்டஈடு கேட்கும்போது சர்வேயரின் கண் முதலில் போவது சொல்லாமல் சேர்த்த ஒயர்கள் மேல்தான். காரின் ஒயரிங்கை வெட்டி ஒட்டினால் கம்பெனி வாரண்டிக்கும் ஆபத்து.

சத்தத்துக்கும் சட்டம் உண்டு. 2000ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல்தான் அளவு. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ஒலிக் கட்டுப்பாட்டை மீறி வண்டி ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. சிக்னலில் நிற்கும் போலீஸ்காரரிடம் டெசிபெல் மீட்டர் இல்லை என்பதுதான் பலரது தைரியம்.

ஆனால் காது என்ற மீட்டர் எல்லோரிடமும் இருக்கிறது. 85 டெசிபெல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிலாளர் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் இந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல்லில் கிடைப்பது 15 நிமிடம்தான். மூடிய கண்ணாடிகளுக்குள் ஒரு பெரிய வூஃபர் இந்த அளவை அனாயாசமாகத் தாண்டும். அமெரிக்கச் சத்தப் போட்டிகளில் 180 டெசிபெல்லைக் கடந்த கார்கள் உண்டு. ஆனால் அங்கே மீட்டரை உள்ளே வைத்துவிட்டு ஆள் வெளியே நின்றுகொள்கிறார். இங்கே ஆள் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார். செவிக்குள் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒரு முறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. பேட்டரியை மாற்றலாம். காதை மாற்ற எந்தக் கடையும் இல்லை.

வாங்கும் முன்

• முதலில் ஒயரிங். மூன்று முக்கிய ஒயர்களையும் தடிமனான அசல் செம்பாக மாற்றிவிட்டு, எஞ்சின் ஓடும்போது ஆம்ப்ளிஃபையர் முனையில் வோல்டேஜை அளந்து பார்க்கவும். பாட்டின் உச்சத்திலும் 13ஐ ஒட்டி நின்றால் லித்தியம் தேவையே இல்லை.

• 300, 400 வாட்டுக்குள் அடங்கும் ஸ்டீரியோவுக்குப் புதிய ஈய பேட்டரியே தாராளம்.

• 'லித்தியம்' என்று மட்டும் எழுதிய பேட்டரி வேண்டாம். அயர்ன் பாஸ்பேட்டா, டைட்டனேட்டா, எத்தனை செல், பி.எம்.எஸ். எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பில்லில் எழுதி வாங்கவும். 100 ஆம்பியர் பி.எம்.எஸ். உள்ள பேட்டரியில் 2,000 வாட் ஆம்ப்ளிஃபையர் மாட்டினால் பாட்டு பாதியில் நிற்கும்.

• எடை போட்டுப் பாருங்கள். 100 ஆம்பியர்-மணி என்று ஒட்டியிருக்கும் பேட்டரி 6 கிலோதான் இருந்தால், ஸ்டிக்கர் பொய் சொல்கிறது.

• பானெட்டில் ஈயம், டிக்கியில் லித்தியம், நடுவே ரிலே அல்லது டிசி-டிசி சார்ஜர், இரு முனையிலும் ஃப்யூஸ். டிக்கியில் பேட்டரி ஆடாதபடி போல்ட் போட்டு இறுக்க வேண்டும். முனைகளுக்கு மூடி வேண்டும்.

• வீங்கிய, அடிபட்ட பேட்டரியைக் காயலான் கடையில் போடக் கூடாது. 2022ன் பேட்டரிக் கழிவு விதிகள்படி திரும்ப வாங்கிக்கொள்ளும் பொறுப்பு உற்பத்தியாளருடையது.

இத்தனையும் சரியாகச் செய்தவரின் கார் அடுத்த முறை அதே சிக்னலில் நிற்கும்போது வித்தியாசம் தெரியும். 'தும்' என்று இடி விழுகிறது. ஹெட்லைட் இமைக்கவில்லை. டாஷ்போர்டு அசையவில்லை. மங்குவது ஒன்றே ஒன்றுதான்: பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டர்காரரின் முகம். அதைப் பிரகாசிக்க வைக்கும் பேட்டரி இன்னும் வரவில்லை. அதற்கு வால்யூம் குமிழ் போதும்.